கீறல் மூடிய தட்டு

எங்கள் ஆய்வுக்கூடம் மருத்துவமனையின் அடித்தளத்தில் இருக்கிறது. அன்றும் எட்டரைக்கு வந்து, அங்கியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அங்கே ஜன்னல் கிடையாது. குளிர்பெட்டிகளின் உறுமல் மட்டும் ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கும்.

எதிரே இருந்த தட்டில் மனிதக் குடலின் செல்கள். மூடியில் எண் மட்டும்தான் எழுதலாம், பெயர் எழுதக்கூடாது. அது என் அக்கா என்பது எனக்கு மட்டும் தெரியும். ஆறு மாதத்துக்கு முன் குடல் நோயில் போய்விட்டாள். அறுவை சிகிச்சையில் எடுத்த துண்டிலிருந்து வளர்ந்த இந்த ஒரு தட்டுதான் அவளில் உயிரோடு மிச்சம். சொந்தக்காரர் என்று தெரிந்தால் வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்கள். அதனால் நான் வாயைத் திறக்கவில்லை.

புளிக்க வைத்த இறைச்சியில் வளரும் லாக்டிக் அமில பாக்டீரியா, புண்பட்ட குடலை ஆற்றுமா என்பதுதான் சோதனை. செல் படலத்தில் நேராக ஒரு கீறல் போட வேண்டும், பாக்டீரியாவை விட வேண்டும், கீறல் மூடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

"மன்னிச்சுக்கோக்கா," என்று முணுமுணுத்துவிட்டுக் கீறினேன். பாக்டீரியாவை விட்டு, தட்டை வெதுவெதுப்பான வளர்ப்புப் பெட்டியில் வைத்தேன்.

மூடுவதற்கு ஒரு நாளாவது ஆகும். மதியம் சாப்பிடப் போகுமுன் சும்மா எட்டிப் பார்த்தேன். பெட்டியைத் திறந்ததும் புளித்த இறைச்சி வாடை குப்பென்று அடித்தது. நுண்ணோக்கியில் கண்ணை வைத்தேன்.

கீறலைக் காணோம்.

"பிரமாதம்! அதே தட்டுல இன்னொண்ணு கீறும்மா," என்றார் ஆய்வுக்கூடத் தலைவரான மேடம். சந்தோஷத்தில் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டாவது கீறல் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூடியது. அதே நொடி என் வயிற்றில் சுரீரென்றது.

கையுறையைக் கழற்றிவிட்டுச் சட்டைக்குள் தொட்டேன்.

ஈரம்.

கழிவறைக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். தொப்புளுக்குக் கீழே நேராக இரண்டு வெட்டுகள். ரத்தத்தில் அதே புளித்த வாடை. 

"அக்கா, நான்தான்க்கா," என்று கிசுகிசுத்தேன். "வேணாம்க்கா."

திரும்பி வந்தால், மேடமே கீற உட்கார்ந்துவிட்டார்.

"நீ நகரு, மூணாவது நான் போடறேன்."

தட்டைப் பிடுங்கிப் பிளீச்சிங் கரைசலை ஊற்றினேன்.

"பைத்தியமா உனக்கு?" என்று கத்தினார்.

செல்கள் உதிர்ந்து வெள்ளையாக மிதந்தன. மிச்சமிருந்த அக்காவையும் என் கையாலேயே கொன்றேன். வாய்விட்டு அழுதேன். அழுதுகொண்டிருக்கும்போதே வயிற்று வலி சட்டென்று நின்றுவிட்டது.

மறுபடியும் கழிவறைக்குப் போய், ரத்தத்தைக் கழுவினேன். வெட்டுகள் மூடியிருந்தன. தழும்புகூட இல்லை.

மூடிய இடத்தில் மிளகு அளவுக்கு ஒரு கறுப்பு மச்சம்.

எனக்கு அங்கே மச்சம் கிடையாது. அக்காவுக்கு உண்டு. சின்ன வயதில் அதைத் தொட்டாலே கூச்சத்தில் துள்ளுவாள்.

விரலால் தொட்டேன். என் வயிற்றில் தொட்ட உணர்வே இல்லை.

ஆனால் அந்தத் தோல் சிலிர்த்து, விரலை விட்டு விலகியது.