நாற்பத்து மூன்று பெயர்கள்

தொம்மலூர் பழைய ஊருக்குள், ஒரே ஒரு ஆட்டோ நுழையக்கூடிய சந்தில் இருந்தது அந்த வீடு. கீழே சந்திரம்மாவின் பெட்டிக்கடை. கடை வாசலில் காசு போட்டுப் பேசும் மஞ்சள் போன். பக்கவாட்டில் குறுகலான படிக்கட்டு ஏறினால் ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. 2006 ஜூன் முதல் வாரத்தில், யாரோ விற்ற பழைய கம்ப்யூட்டரை மடியில் அணைத்தபடி மௌரீன் அங்கே வந்து இறங்கினாள். வயது நாற்பத்தாறு. சிவாஜிநகர் பக்கம் ஒரு பள்ளியில் பூகோள டீச்சர். கணவர் தியோடர் இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

தனியாக இருந்துவிடுவீர்களா என்று வீட்டுக்காரி சந்திரம்மா கேட்டாள். இருபது வருஷம் ஏங்கியது அதற்குத்தான் என்று மௌரீன் சொல்லவில்லை. சிரித்து வைத்தாள்.

தியோடர் அடிக்கிறவர் இல்லை. குரலைக்கூட உயர்த்த மாட்டார். சாப்பிட்டு முடித்ததும் வாயில் ஒரு கிராம்பைப் போட்டுக்கொண்டு அவளுடைய செல்போனை வாங்குவார். ஒவ்வொரு பெயராகப் பார்ப்பார். பிடிக்காத பெயரை அழிப்பார். செல்போன் வருவதற்கு முன்னால் அதையே அவளுடைய டைரியில் பிளேடால் செய்தார். "யாருக்கு போன் பண்ணப் போறே?" என்பார், மெதுவாக. "யாருக்கும் இல்லீங்க" என்பாள் அவள். முதலில் காணாமல் போனது தங்கை லீனாவின் பெயர். அக்காவைக் கூட்டிக்கொண்டு போக ஒரு நாள் ஆட்டோவோடு வாசலில் வந்து நின்றவள் லீனா. அதற்கப்புறம் பதினோரு வருஷம் பேச்சே இல்லை. கடைசியில் போனில் மிஞ்சியது ஒரே பெயர்தான். அவரே பதிந்து கொடுத்தது. ஹோம். அவருடைய நம்பர்.

அடக்கம் முடிந்த மறுவாரமே அந்த நம்பரை நிறுத்திவிட்டாள். பிறகு விட்டுப்போன மனிதர்களை ஒவ்வொருவராகத் தேடினாள். கூடப் படித்தவர்கள், பழைய பக்கத்து வீட்டுக்காரர்கள், சித்தப்பா மகன். நாற்பத்து இரண்டு பேர் கிடைத்தார்கள். லீனா மட்டும் கிடைக்கவில்லை. இனி ஒருவராலும் அழிக்க முடியாத இடத்தில் அவர்களை வைக்க வேண்டும் என்று நினைத்தாள். பள்ளியில் கம்ப்யூட்டர் எடுக்கும் வைஷ்ணவி ஒரு கேபிள் வாங்கிவந்து, போனையும் கம்ப்யூட்டரையும் இணைக்கக் கற்றுக்கொடுத்தாள்.

"ரெண்டு இடத்துலயும் ஒரே லிஸ்ட் இருக்கும் மிஸ். ஒண்ணு போனாலும் இன்னொண்ணு காப்பாத்திடும்."

ஜூலையில் ஒரு சனிக்கிழமை. பள்ளி அரைநாள். மழை பிடித்துக்கொண்டிருந்தது. சர்ச் ஆபீசில் மௌரீனுக்காக ஒரு கடிதம் காத்திருந்தது. ஹெப்பகோடியிலிருந்து லீனா அனுப்பியது. திங்கட்கிழமை இதயத்தில் ஆபரேஷன். சனிக்கிழமை நாலு மணிக்கு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறேன், அங்கே போனை வாங்கி வைத்துவிடுவார்களாம், அதற்கு முன்னால் உன் குரலைக் கேட்க வேண்டும் அக்கா என்று எழுதி, கீழே பத்து இலக்க நம்பர் போட்டிருந்தாள்.

மௌரீன் வீட்டுக்கு வந்தபோது மணி மூன்று. உடனே போன் பண்ணியிருக்கலாம். ஆனால் கைக்கு வந்த பெயர் மறுபடி கைநழுவும் என்ற பயம் அவளுக்கு ஊறிப்போயிருந்தது. முதலில் லீனாவைப் பத்திரப்படுத்த நினைத்தாள். கம்ப்யூட்டரில் நாற்பத்து மூன்றாவது பெயராக அடித்தாள். கேபிளைச் செருகினாள். திரையில் நீலப் பட்டை நகர்ந்து, நகர்ந்து, முடிந்தது.

போனை எடுத்து லீனாவைத் தேடினாள்.

ஹோம் என்று இருந்தது.

மேலே போனாள். ஹோம். கீழே போனாள். ஹோம், ஹோம், ஹோம். நாற்பத்து மூன்று வரியிலும் அதே பெயர், அதே நிறுத்தப்பட்ட நம்பர். கம்ப்யூட்டரைப் பார்த்தாள். அங்கேயும் அப்படியே.

அறைக்குள் கிராம்பு வாசனை வந்தது.

ஜன்னல் சாத்தியிருந்தது. அவள் வீட்டில் கிராம்பு வாங்குவதே இல்லை.

கேபிள் கோளாறாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டு லீனாவின் பெயரை மறுபடி அடித்தாள். இந்தத் தடவை திரை ஒரு கேள்வி கேட்டது. இரண்டு பதிவுகள் ஒத்துப்போகவில்லை, எதை வைத்துக்கொள்ள வேண்டும்? இடது பக்கம் லீனா. வலது பக்கம் ஹோம். லீனாவைத் தேர்ந்தெடுத்தாள். திரை மறுபடி கேட்டது. லீனா. மறுபடி கேட்டது. லீனா. ஏழாவது தடவை இடது பக்கமும் ஹோம் என்றே இருந்தது.

போன் அடித்தது. ஹோம்.

எடுத்துக் காதில் வைத்தாள். முதலில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. அவளுடைய ஜன்னலில் பெய்யும் அதே மழை.

"யாருக்கு போன் பண்ணப் போறே?"

பழைய பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இருபது வருஷப் பழக்கம். மௌரீன் பல்லைக் கடித்து அதை உள்ளே தள்ளினாள். 

"லீனாவுக்கு" என்றாள். "என் தங்கச்சிக்கு. உங்க கண்ணு முன்னாலயே பண்ணப் போறேன்."

போனைக் கட்டிலில் வீசிவிட்டுக் கடிதத்தை எடுத்தாள். கடைசி இலக்கத்தைக் காணோம்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதற்கு முந்தைய இலக்கமும் வெளிறியது. யாரோ எச்சில் விரலால் தேய்ப்பதுபோல் மை கலைந்து காகிதம் வெள்ளையானது. ஆனால் கம்ப்யூட்டரில் இரண்டு தடவை அடித்து, திரையில் திரும்பத் திரும்பப் பார்த்த நம்பர் அது. உலகத்து ஆறுகளையெல்லாம் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்ய வைத்தவள், பத்து இலக்கத்தையா விட்டுவிடுவாள்? வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கதவைத் திறந்தாள். கடிதம் வெறும் காகிதமாகத் தரையில் விழுந்தது.

மணி நாலாகப் பத்து நிமிஷம்.

படியில் இறங்கும்போது பின்னால் இன்னொரு காலடி இறங்கியது. அவள் திரும்பவில்லை. காதோரம் ஒரு குரல், அவள் சொல்லும் அதே தாளத்தில், வேறொரு நம்பரைச் சொல்லிக்கொண்டே வந்தது. அவருடைய நம்பரை. ஒன்பது என்று இவள் சொன்னால் அதுவும் ஒன்பது என்றது. எட்டு என்றால் எட்டு. நாலாவது இலக்கத்தில் அது வேறு பக்கம் திரும்பியது. அவளுடைய நாக்கும் கூடவே திரும்பியது.

மஞ்சள் போனில் காசு போட்டு அழுத்தினாள். எதிர்முனையில் மழை பெய்தது. தப்பான நம்பர்.

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். இந்தத் தடவை வகுப்பில் கடைசி பெஞ்சுக்கும் எட்டுகிற குரலில். சந்தில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். ஒவ்வொரு இலக்கத்தையும் கத்தினாள். காதில் அந்தக் குரலும் ஏறியது. வாழ்நாளில் முதல் தடவையாகத் தியோடர் கத்தினார். மௌரீனின் விரல் அவருடைய நம்பருக்கே போயிற்று.

சந்திரம்மா கடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். மௌரீனின் முகத்தைப் பார்த்ததும் என்ன ஏது என்று கேட்கவில்லை. எழுந்து வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க சொல்லுங்க டீச்சரம்மா. நான் அமுக்கறேன்."

மௌரீன் கத்தினாள். சந்திரம்மா ஒவ்வொன்றையும் கன்னடத்தில் திருப்பிச் சொல்லிக்கொண்டே அழுத்தினாள். ஒம்பத்து. எண்ட்டு. நால்கு. அந்த விரல் எங்கேயும் தடுமாறவில்லை.

எதிர்முனையில் மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள்.

"லீனா, நான் மௌரீன்."

 "செருப்பு மாட்டிட்டேன்க்கா. வாசல்ல ஆட்டோ நிக்குது" என்றாள் லீனா. அழுதாள். "நீ பண்ண மாட்டேன்னு நினைச்சேன்."

"பண்ணிட்டேன் பாரு" என்றாள் மௌரீன். "போய்ட்டு முழுசா வா. வந்து என்கூட இரு."

போனை வைத்தபோது முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தமும் இல்லை. மேலே ஏறிப் போனாள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, நாற்பத்து மூன்று பெயர்களையும் முதலிலிருந்து அடிக்க ஆரம்பித்தாள். நம்பர் தெரியாதவர்களை மறுபடி தேடிப்போய் வாங்கினாள். பத்து நாள் ஆயிற்று. வலது பக்கம் ஹோம் வரும்போதெல்லாம் இடது பக்கத்தை அழுத்தினாள். எத்தனை தடவை என்று அவள் எண்ணவில்லை. ஒரு சாயங்காலம் நீலப் பட்டை முடிந்தபோது, போனில் நாற்பத்து மூன்று பேரும் அவரவர் பெயரோடு இருந்தார்கள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. செப்டம்பரில் லீனா அக்காவோடு தங்க வந்தாள். வரும் வழியில் புதிதாக ஒரு போன் வாங்கியிருந்தாள். எந்தக் கேபிளையும் பார்க்காத போன். அந்த ஜூலை மத்தியானத்தைப் பற்றி மௌரீன் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

மறுநாள் காலை, காபி குடித்துக்கொண்டிருந்த லீனா போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நேத்து முதல்ல உன் நம்பரைத்தான் போட்டேன் அக்கா. மத்ததெல்லாம் இருக்கு. உன் பேரு மட்டும் இல்லை."

மௌரீன் நாற்காலியை இழுத்துப்போட்டுத் தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். தன் நம்பரை ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னாள். லீனா அடித்தாள். அக்கா என்ற பெயர் திரையில் வந்து உட்கார்ந்தது. போனை மேஜைமேல் வைத்துவிட்டு இருவரும் அதையே பார்த்தார்கள்.

யாரும் தொடவில்லை. கடைசி எழுத்து போயிற்று. அதற்கு முந்தையதும் போயிற்று.

லீனா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். 

"மறுபடி போடு" என்றாள் மௌரீன்.