உறைகுளிர் அறையில் ஆதி தாளம்

"சாவித்ரி, உள்ளே என்னை விட்டுட்டு நான் மட்டும் வந்துட்டேன்!"

குளிர் அறையின் கனத்த கதவைத் தள்ளிக்கொண்டு, ஆவி சூழ வெளியே வந்த சேஷன் சொன்ன முதல் வார்த்தை அதுதான். கம்பளித் தொப்பி, கையுறை, அரைக்கால் சட்டை, வெற்று மார்பு. கவடியாரில் புதிதாகத் திறந்த அந்த ஆரோக்கிய நிலையத்தில் மைனஸ் நூற்றுப்பத்து டிகிரியில் நின்றுவிட்டு வந்தவர் வேறென்ன சொல்வார்? இதுவரை அவர் அளந்த புளுகையெல்லாம் அடுக்கினால் பத்மநாபசுவாமி கோவில் கோபுரத்துக்கு இன்னும் இரண்டு நிலை எழுப்பலாம். பொன்முடி வளைவில் காட்டானை ஒதுங்கி நின்று அவர் போன பஸ்ஸுக்கு வழிவிட்டதாம். கோவளத்தில் சுறா ஒன்று அவர் இருமலுக்குப் பயந்து கரையேறியதாம். கல்யாணமான நாளிலிருந்து சாவித்ரி ஒன்றையும் நம்பியதில்லை.

"உள்ளே இருக்கறவராவது வாயை மூடிண்டு இருப்பாரோன்னோ," என்றாள்.

கதவருகே நின்ற ஜெஸ்லின், அங்கே வேலை பார்க்கும் நாகர்கோவில் பெண், சிரித்துவிட்டாள். "அங்கிள் சூப்பரா நின்னாரு, கேட்டோ. நாளைக்கு ஆன்ட்டி முறையாக்கும். முட்டுவலி பறந்துரும்."

துண்டால் கணவரின் தோளைப் போர்த்தப் போன சாவித்ரியின் கை அப்படியே நின்றது. இடது தோளில் கிடக்க வேண்டிய பூணூல் வலது தோளில் கிடந்தது. திவசத்தன்று, செத்தவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் விடும்போது மட்டும்தான் அதை அப்படி மாற்றிப் போடுவது.

"இதென்ன, இடம் போட்டுண்டிருக்கேள்? இன்னிக்கு யாருக்குத் திவசம்?"

சேஷன் குனிந்து அதைப் பார்த்தார். முதன்முறையாகப் பார்ப்பவர் போல. அவளே மாற்றிவிட்டாள். நூல் கம்பியாக விறைத்திருந்தது.

அவர் உள்ளே நின்றபோது நடு நடுவே கதவில் பதித்த கண்ணாடி வெளுத்துப் போனது அவளுக்கு நினைவு வந்தது. அந்த வெளுப்புக்குப் பின்னாலிருந்து அவர் ஆதி தாளம் தட்டினார். வீட்டிலும் அப்படித்தான். காலிங் பெல்லைத் தொடமாட்டார். நாலு தட்டு, இரண்டு, மறுபடி இரண்டு. இன்றைக்குத் தாளம் நாலோடு நின்றுபோனது. பிறகு கதவு திறந்தது.

ஆட்டோவில் கிழக்கேகோட்டைக் கடைத்தெரு நெரிசலில் ஊர்ந்தபோது, பஸ்ஸின் புகையும் வாழைக்காய் வறுக்கும் தேங்காயெண்ணெய் வாசனையும் மழை நனைத்த சாக்கடை நாற்றமும் மாறி மாறி முகத்தில் அடிக்க, அதற்கெல்லாம் அடியில் ஐஸ்பெட்டியைத் திறந்தால் வருமே ஒரு வாசனையற்ற வாசனை, அது அவள் பக்கத்து இருக்கையிலிருந்து வந்துகொண்டே இருந்தது. புடவையைத் தாண்டித் தொடையில் குளிர் ஏறியது. சேஷன் வழியெல்லாம் ஆட்டோக்காரரிடம் ஒரு புளுகுகூட அவிழ்க்கவில்லை. அதுதான் அவளை உறுத்தியது.

ஸ்ரீவராகத்து வீட்டில் ஜன்னல் வழியே சாயங்கால வெயில் விழுந்திருந்தது. கொதிக்கக் கொதிக்கக் காப்பி ஆற்றி வைத்தாள். அவர் டம்ளரை இடது கையால் எடுத்தார்.

"ஏன்னா… கை."

அவர் புன்னகைத்தார். உதடு ஏறவேண்டிய பக்கம் ஏறவில்லை. மறுபக்கம் ஏறியது.

சட்டையைக் கழற்றினார். பூணூல் மறுபடி வலது தோளில். கண் தானாகக் கீழே இறங்கியது. குடல்வால் அறுத்த தழும்பு. அவள்தான் மருந்து வைத்துக் கட்டினாள். வலது அடிவயிற்றில்.

இப்போது இடதில் இருந்தது.

கண்ணாடியில் பார்ப்பது போல. ஆனால் அங்கே கண்ணாடி இல்லை.

போன் அடித்தது. ஜெஸ்லின்.

"ஆன்ட்டி, ஒரு சின்ன சம்சயம். அங்கிள் வீட்ல உண்டுல்லா?"

சாவித்ரி எதிரே பார்த்தாள். "ஏன்?"

"மெஷினை ஆஃப் பண்ணியாச்சு. ரெண்டு தடவை திறந்தும் பாத்தாச்சு, உள்ள ஆரும் இல்ல. கதவை அடைச்சா மட்டும் கண்ணாடியில தட்டுது, ஆன்ட்டி. நீங்களே கேளுங்க."

போனைக் கண்ணாடியருகே கொண்டு போயிருக்க வேண்டும். இரைச்சல். பிறகு, மிக மெதுவாக.

நாலு.

இரண்டு.

நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு, நகம் மட்டும் உரசுவது போல, மறுபடி இரண்டு.

எதிரே இருந்தவர் தலையை ஒருபக்கம் சாய்த்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் வாயிலிருந்து ஆவி வந்தது, வெயில் விழுந்த அறையில்.

"நாளைக்கு உன் முறை," என்றார். "இப்பவாவது நம்பறயா?"

டம்ளரைத் தலைகீழாகக் கவிழ்த்தார். காப்பி விழவில்லை.

"ஆன்ட்டி? லைன்ல இருக்கீங்களா? அங்கிள் அங்க உண்டுல்லா?"

சாவித்ரிக்கு உதடு ஒட்டிக்கொண்டிருந்தது. பிய்த்துக்கொண்டு பேசினாள்.

"இல்லேம்மா. அவர் நெஜத்தைத்தான் சொல்லியிருக்கார். உள்ளேதான் இருக்கார்."