ஹோல்டர்புருனில் மணி மூன்று

"சொர்க்கம் மாதிரி ஊருன்னு சொன்னவளும் என் மூத்தவதான் ஸயா. இப்பத் தங்கச்சிய அனுப்பாதேன்னு அழுவுறவளும் அவதான். அந்த ஊர்ல அப்படி என்னதான் இருக்கு? அதக் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க."

சொல்லிவிட்டு கனகாம்பாள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். யாங்கூன் நகரத்துத் தாமுவே சந்தை ஓரத்தில் இட்லி, தோசைக் கடை நடத்துகிறவள். கடையைப் பாதியில் மூடிவிட்டு வந்திருந்ததால் புடவையில் இன்னும் மாவு ஒட்டியிருந்தது. பின்னால் கைகட்டி நின்றவள் சின்ன மகள் சத்யபாமா.

போட்டாதாங் படகுத்துறைக்கு எதிரே, இரண்டாம் மாடியில் ராஜரத்தினத்தின் அறை. கப்பலில் வரும் சரக்கு நனைந்தாலோ, உடைந்தாலோ, குறைந்தாலோ அது எங்கே, எப்படி நேர்ந்தது என்று பார்த்து எழுதிக் கொடுக்கும் சர்வேயர் அவர். முப்பது வருஷமாக அதே வேலை. பர்மிய வழக்கில் எல்லோருக்கும் அவர் 'ஸயா', அதாவது ஐயா. சரக்கைப் பற்றிச் சரியாகச் சொல்கிறவர் மனுஷரைப் பற்றியும் சொல்வார் என்று நம்பி, கொஞ்சகாலமாக இப்படிப்பட்டவர்களும் படியேறி வருகிறார்கள். அவருடைய அறிக்கைகளை டைப் அடிப்பவள் சைதா. வயது நாற்பத்தொன்று. அவர் ஒரு கேள்வி கேட்பதற்குள் அவள் பத்து கேட்டுவிடுவாள்.

"அங்க யாராவது அடிக்கிறாங்களா? சோறு போடுறதில்லையா? லீவு இல்லையா? அக்கா, மொதல்லயே சொல்லிடுங்க," என்றாள் சைதா.

"பொறாமை, வேற ஒண்ணுமில்ல," என்றாள் சத்யபாமா. "நானும் போயிட்டா அவ பெருமை போயிடும்ல?"

"வாய மூடுடி," என்று அதட்டினாள் அம்மா.

ராஜரத்தினம் அவசரப்படவில்லை. "ஆரம்பத்துலேருந்து சொல்லுங்கம்மா. எப்ப போனாங்க?"

மூத்தவள் ஜெயகுமாரி போன மே மாதம் போனாளாம். ஜெர்மன் பரீட்சையில் பாஸ் செய்து, ஒரு ஏஜெண்ட் மூலமாக, ஹோல்டர்புருன் என்ற சின்னக் கிராமத்தில் வயசானவர்களைப் பார்த்துக்கொள்ளும் விடுதிக்கு. வீட்டு வாசலுக்கே கார் வந்து அழைத்துப் போனது. விமான நிலையத்துக்கு வேறு யாரும் வரக்கூடாது என்பது ஏஜெண்ட்டின் கட்டளை. இப்போது அதே ஏஜெண்ட் சத்யபாமாவுக்கும் அதே கிராமத்தில் வேலை பேசியிருக்கிறார். வரும் செவ்வாய்க்கிழமை கார் வரும்.

"எங்க தெருவுல இன்னும் ரெண்டு பொண்ணுங்க பேரு குடுத்திருக்கு. எல்லாம் ஜெயகுமாரி பேசுறதக் கேட்டுத்தான்," என்றாள் கனகாம்பாள்.

"எப்பப் பேசுவாங்க?"

"ஞாயித்துக்கிழமை, சாயங்காலம் ஏழரைக்கு. தெருவே வந்து உக்காந்துடும் ஸயா. அந்த நேரத்துல எங்களுக்குக் கரண்ட் இருக்காது. பேட்டரி லைட்ட வெச்சிக்கிட்டு, போனச் சுத்தி எல்லாரும். எடுத்ததும் அங்க கோயில் மணி அடிக்கும். டாங், டாங், டாங்னு மூணு. 'அம்மா, இங்க மதியானம் மூணு மணி'ம்பா. போன நாள்லேருந்து ஒரு வாரம் தப்பினதில்ல."

"போன ஞாயித்துக்கிழமையும் மூணுதானா?"

"மூணேதான்."

ராஜரத்தினம் தலையை ஆட்டிக்கொண்டார். "அன்னிக்கு வேற என்ன பாத்தீங்க?"

கனகாம்பாளின் முகம் ஒரு நிமிஷம் மலர்ந்தது. "பனி ஸயா! தலமுடியெல்லாம் வெள்ளை வெள்ளையா. 'என்னடி'ன்னேன். 'இப்பத்தான் வெளிய போயிட்டு வந்தேம்மா, பனி'ன்னா. அரைமணி நேரம் பேசினா, அம்புட்டு நேரமும் பூ வெச்சாப்ல தலையிலயே இருந்துச்சு. அப்புறம் இவ வரப்போறத சொன்னேன். ஒரே அழுகை. 'வேண்டாம்மா, அவள விட்டுடாதே'ன்னா. ஏன்னு கேக்குறதுக்குள்ள கரண்ட் வந்துச்சு, லைன் போயிடுச்சு."

"கரண்ட் வந்ததும் லைன் போயிடுமா?"

"என் ராசி அது. எட்டு மணிக்கு எங்களுக்குக் கரண்ட் வரும். தெருவே 'மீ லாபி', கரண்ட் வந்துடுச்சுன்னு கத்தும். அவ மூஞ்சி அப்படியே நின்னுடும். ஒரு மாசம் கரண்ட் முறைய மாத்தி எட்டேகாலுக்கு விட்டான். அப்பவும் எட்டேகாலுக்குத்தான் போச்சு."

ராஜரத்தினம் மேசையில் கிடந்த பென்சிலை எடுத்து, எதுவும் எழுதாமல் திரும்ப வைத்தார். ஜெயகுமாரி அனுப்பிய படங்களையெல்லாம், அவளுடைய பழைய படம் ஒன்றையும் சைதாவின் போனுக்கு மாற்றச் சொன்னார். "ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்றேன்மா. அதுவரைக்கும் இந்தப் பொண்ணு பாஸ்போர்ட்ட யார் கையிலயும் குடுக்காதீங்க."

மறுநாள் காலை சைதா வந்தபோது அவள் கண்கள் சிவந்திருந்தன. அந்தக் கிராமத்துக்கென்று ஒரு இணையப்பக்கம் இருந்தது. மொழிமாற்றிப் படிக்க ஆரம்பித்தவளால் நிறுத்த முடியவில்லை.

"ஸயா, முந்நூத்தி நாப்பது பேர்தான் அந்த ஊர்ல. நம்ம தெருவுல ஒரு கட்டடத்துல அதவிட ஜாஸ்தி. ஆனா கோயிலுக்கு எண்ணூறு வயசு! முப்பது வருஷம் ஒரு சண்டை நடந்துச்சாம். அது முடிஞ்சப்ப ஊர்ல மிஞ்சினது பதினோரு பேர். அந்தப் பதினோரு பேரும் சேர்ந்து ஒரு மரம் நட்டாங்க. அது இன்னும் நிக்குது ஸயா. ஏழு பேர் கைகோத்தாத்தான் சுத்திப் பிடிக்கலாமாம்."

"சரி."

"வீடெல்லாம் மரச்சட்டம். சட்டத்துக்கு நடுவுல மண்ணக் கொழச்சுப் பூசியிருக்கு. வாசலுக்கு மேல உத்தரத்துல கட்டுன புருஷன் பொண்டாட்டி பேரும் வருஷமும் செதுக்கியிருக்கு. ஊருக்கே ஒரு அடுப்பு வீடு. சனிக்கிழமையானா முறை வெச்சு ரொட்டி சுடுவாங்க. அப்புறம் அந்த மணி! பீரங்கி செய்யறதுக்குப் பட்டாளத்துக்காரங்க கோயில் மணியெல்லாம் எடுத்துட்டுப் போனப்ப, சின்ன மணிய மட்டும் வைக்கோலுக்குள்ள போட்டு ஒளிச்சு வெச்சாங்களாம். கேக்குறீங்களா? இங்க அழுத்தினா சத்தம் வருது."

அவள் அழுத்தினாள். படகுத்துறையின் இரைச்சலுக்கு நடுவே, அறைக்குள் ஒரு மெல்லிய வெண்கல ஒலி எழுந்தது. டாங், டாங், டாங். சைதாவின் கையில் மயிர் சிலிர்த்தது. எங்கோ ஒரு வைக்கோல் போருக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்த மணி இங்கே வந்து பேசுகிறது!

"எத்தனை?" என்றார் ராஜரத்தினம்.

"மூணு."

"ஜெயகுமாரி அனுப்பின படம் எத்தனை?"

"முப்பத்தேழு. எல்லாமே இந்தப் பக்கத்துல இருக்கு."

"எல்லாமேவா?"

"எல்லாமே ஸயா. மரம், அடுப்பு வீடு, உத்தரம்..." சொல்லிக்கொண்டே வந்தவளின் குரல் மெதுவாகக் குறைந்தது. "அவளா எடுத்த படம் ஒண்ணுகூட இல்ல."

"இப்ப நமக்கு மணி என்ன?"

"பதினொண்ணரை."

"போன்ல ஜெர்மனி நேரம் பாருங்க."

"காலைல ஆறு. எதுக்கு ஸயா?"

அவர் பையை மாட்டிக்கொண்டு, நகரத்தின் வடகோடியிலுள்ள ஷ்வேப்யிதா வரை போய்வருவதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், அந்த ஷ்வேப்யிதாவுக்கே எல்லோரையும் ஒரு வாடகைக் காரில் அழைத்துப் போனார். தொழிற்பேட்டையில் நீளமான தகரக்கூரைக் கட்டடம் ஒன்று. எதிரே டீக்கடை. குட்டை முக்காலிகளில் நால்வரும் உட்கார்ந்தார்கள்.

"எதுக்கு இங்க ஸயா?" என்றாள் கனகாம்பாள். டீயை அவள் தொடவேயில்லை.

"சொல்றேம்மா. கடைசி வரைக்கும் கேட்டுட்டு என்னத் திட்டுங்க." அவர் தாழ்ந்த குரலில் ஆரம்பித்தார். "மொதல்ல மணி. நமக்கு வருஷம் முழுக்க ஒரே நேரம். கடிகாரத்த யாரும் தொடுறதில்ல. ஜெர்மனில அப்படியில்ல. அக்டோபர் கடைசியில ஒரு மணி நேரம் பின்னால தள்ளி வெப்பாங்க, மார்ச்சுல திரும்பவும் முன்னால. மே மாசத்துல நமக்கு ஏழரைன்னா அங்க மூணு. சரிதான். இப்ப ஜனவரி. சைதாம்மா, நேத்திக்கு முந்தின நாள் நமக்குப் பதினொண்ணரை ஆனப்ப அங்க ஆறு. அப்ப ஏழரைக்கு?"

சைதா விரல்விட்டு எண்ணினாள். "ரெண்டு!"

"ரெண்டு. போன வாரமும் அந்த மணி மூணு அடிச்சிருக்கு. அந்த ஊர்ல இருக்கிறவங்களுக்கு இந்தத் தப்பு வராது, அன்னிக்கு ஊரே கடிகாரத்த மாத்தும். கடிகாரம் மாறாத ஊர்ல இருக்கிறவங்களுக்குத்தான் வரும்."

"அது ரெக்கார்டு சத்தம்," என்றாள் சைதா. "அந்த இணையப்பக்கத்துல இருக்கிற அதே மூணு."

"என் பொண்ணு பொய் சொல்ல மாட்டா," என்றாள் கனகாம்பாள். அவள் குரல் அவளுக்கே கேட்டிருக்காது.

"ரெண்டாவது கரண்ட்டு. உங்களுக்கு வந்த நிமிஷம் அவங்களுக்குப் போகுது. முறை மாறி எட்டேகால் ஆனா அதுவும் மாறுது. அது ராசியில்லம்மா. தாமுவேவுக்குக் கரண்ட் விடுறதுக்காக ஜெர்மனியில யாரும் சுவிட்ச அணைக்க மாட்டாங்க. இந்த யாங்கூன்லயே உங்களுக்கு எதிர்முறையில இருக்கிற பேட்டையிலதான் அணைப்பாங்க. கரண்ட் போனா, அங்க அவங்க தங்கியிருக்கிற விடுதி வைஃபையும் போகும்."

சத்யபாமாவின் முகத்தில் குறும்பெல்லாம் போய்விட்டிருந்தது. "யாங்கூன்லயா? அக்கா இங்கயா இருக்கா?"

"மூணாவது பனி. வீட்டுக்குள்ள வந்தா பனி ரெண்டு நிமிஷத்துல தண்ணியாயிடும். அரைமணி நேரம் கரையாத பனி எதுன்னு யோசிச்சேன். மழைக்காலத்துல நனைஞ்சுபோன ஒரு கண்டெய்னர சர்வே பண்ணினேன். குளிர்நாட்டுக்குப் போற பஞ்சு வெச்ச ஜாக்கெட். பிரிச்சுப் பாத்தா என் தலையெல்லாம் வெள்ளை. எதிர்முறை பேட்டைங்கள்ல அந்த ஜாக்கெட் தைக்கிற ஃபேக்டரி ஷ்வேப்யிதாவுலதான் இருக்கு, ஒண்ணில்ல. மூணு. உங்க பொண்ணு படத்த வெச்சிக்கிட்டு வெள்ளிக்கிழமை விசாரிச்சேன். ரெண்டாவதா கேட்ட இந்த இடத்துலதான் அவங்க வேலை செய்யறாங்க. ஓவர்டைம் அஞ்சு மணிக்கு முடியும்."

ஐந்து மணிக்குக் கதவு திறந்து, பெண்கள் கூட்டமாக வெளியே வந்தார்கள். கன்னத்தில் தனக்கா மரப்பட்டைப் பூச்சு, கையில் சோற்றுத் தூக்கு. அவர்களில் ஒருத்தி சாலையைக் கடக்க நிமிர்ந்தவள், டீக்கடையைப் பார்த்து அப்படியே நின்றாள்.

முதலில் ஓடியது சத்யபாமாதான். போய் அக்காவின் தோளில் ஓங்கி அடித்தாள். "ஏய் ஜெர்மன்காரி! ஒரு மணி நேரத்துல வர்ற தூரத்துல இருந்துக்கிட்டு..." அடித்த கையாலேயே அக்காவைக் கட்டிக்கொண்டாள்.

ஜெயகுமாரி அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். கார் விமான நிலையத்துக்குப் போகவே இல்லை. ஒரு விடுதியில் இறக்கிவிட்டு, விசா வர மூன்று மாதமாகும், அதுவரை போய்விட்டதாகவே வீட்டில் சொல், இல்லையென்றால் விசா கெட்டுப்போகும் என்றிருக்கிறார் ஏஜெண்ட். மூன்று மாதத்துக்குப் பிறகு அவர் அவளுடைய போனை எடுக்கவில்லை. கைச்செலவுக்கு இந்தத் தொழிற்சாலையில் தையல் வேலைக்குச் சேர்ந்தாள். அவளே அந்தக் கிராமத்து விடுதிக்கு எழுதிக் கேட்டாள். அப்படி ஒரு ஏஜெண்ட்டை எங்களுக்குத் தெரியாது என்று மரியாதையாகப் பதில் வந்தது.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்," என்றாள். "ஞாயித்துக்கிழமை போன எடுத்தா, தெருவே உக்காந்திருக்கும். இன்னிக்கு என்ன பாத்தேன்னு கேப்பாங்க. ஒரு வாரம் மரம், ஒரு வாரம் அடுப்பு வீடுன்னு... நான் சொன்னதுதான் அவனுக்கு விளம்பரமாயிடும்னு தோணலம்மா. நீ சத்யா பேர சொன்னப்பத்தான் தெரிஞ்சுது."

"அதெல்லாம் ஜெர்மன்லயே படிச்சியா?" சைதாவால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஆமாக்கா. மெஷின்ல உக்காந்து மனசுக்குள்ள சொல்லிக்குவேன். உத்தரத்துல இருக்கிற பேரெல்லாம் வரிசையாத் தெரியும். அது நெஜமான ஊருக்கா. அதுல மட்டும் ஒரு வார்த்தைகூட நான் கூட்டிச் சொல்லல."

சைதா அவளை வாய்பிளந்து பார்த்தாள். ஓர் இரவு முழுக்கப் படித்தும் தனக்குப் பாதிதான் மனதில் நின்றிருந்தது. இவளோ தகரக்கூரைக்குக் கீழே, தையல் இரைச்சலுக்கு நடுவே, எண்ணூறு வருஷத்து ஊர் ஒன்றை ஒரு கல் பிசகாமல் கட்டி வைத்திருக்கிறாள். உலகத்தின் மறுகோடியில் உள்ள அந்த முந்நூற்று நாற்பது பேருக்கு இது தெரியவே போவதில்லை.

கனகாம்பாள் மகளின் அருகில் வந்து நின்றாள். இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். ஏஜெண்ட்டின் எண்ணை அழுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"என்னம்மா, செவ்வாக்கிழமைக்கு ரெடியா?"

"சின்னவ வரல."

"ஏம்மா? பெரியவளே அங்க ராணி மாதிரி இருக்கா..."

"பெரியவ திரும்பி வந்துட்டா. என் பக்கத்துலதான் நிக்கிறா."

அந்தப் பக்கம் நாற்காலி ஒன்றைத் தள்ளும் சத்தம் கேட்டது.

"இன்னிக்கு ஏழரைக்குத் தெருவே எங்க வீட்டுக்கு வரும். பேரு குடுத்த அந்த ரெண்டு பொண்ணுங்களும் வரும். நீங்க அனுப்புன ஊரப் பத்தி இன்னிக்கு அவ நேர்ல சொல்லுவா."

இணைப்பு அறுந்தது. ஜெயகுமாரி அம்மாவின் கையைப் பிடித்தாள். "அம்மா, அத்தன பேரு முன்னால நான் என்னம்மா சொல்லுவேன்? காறித் துப்புவாங்க."

"நடந்தத நடந்தபடி சொல்லு," என்றாள் கனகாம்பாள். "நான் உம்பக்கத்துல உக்காந்திருப்பேன்."

"இந்தப் பக்கம் நான்," என்றாள் சத்யபாமா.