குரல்வளைக்குக் கீழே

மயங்கிக் கிடந்த ஆராயியின் தொண்டைக்குள் வைத்த மாஸ்க் சரியாக உட்காரவில்லை. மெஷின் காற்றைத் தள்ளும்போதெல்லாம் அவள் வாயோரம் கசிந்து, 'ர்ரு' என்று ஒரு சத்தம் வந்தது. மயக்க மருந்து டாக்டர் இளமதி மாஸ்க்கை மறுபடியும் திருகி, அதன் விளிம்பில் இன்னும் கொஞ்சம் காற்றேற்றினாள். பீங்கான் சூளைகளின் புகை படிந்த மத்தியானம். மூடிய ஆபரேஷன் தியேட்டருக்குள் ஸ்பிரிட்டும் கருகிய சதையும் கலந்த வாடை. ஜங்ஷனில் ஒரு கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருந்தது. அந்த இரைச்சலையும் மீறி மாஸ்க்கின் சத்தம் கேட்டது.

"ட்யூப் போட்டுடலாம்னு அப்பவே சொன்னேன் சார்."

"லீக்குதானே மேடம். பித்தப்பைய எடுத்தா முடிஞ்சுது. ட்யூப் போட்டா தொண்ட வலிக்குதுன்னு எங்கிட்டதான் வந்து நிக்கிறாங்க." சர்ஜன் பிரபாகரன் டிவி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

வயிற்றில் துளைபோட்டு கேமரா விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி விருத்தாசலத்துக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. காற்றடித்து உப்பவைத்த வயிறு நெஞ்சை அழுத்தும், மாஸ்க் நழுவும் என்று இளமதியும் எல்லா நர்சிங்ஹோமிலும் சொல்லிப் பார்த்துவிட்டாள். யாரும் காதில் வாங்கவில்லை.

"யாரு."

ஆராயியின் வாயோரக் கசிவிலிருந்து வந்ததுபோல் இருந்தது. இளமதியின் கை நின்றது. "சிஸ்டர், கேட்டுச்சா?"

"காத்துங்க மேடம்," என்றாள் நர்ஸ் மாரியம்மாள்.

"உள்ள யாரு."

தசைகளையெல்லாம் தளர்த்தும் மருந்தை இளமதியே ஏற்றியிருந்தாள். ஆராயியால் இமையைக்கூட அசைக்க முடியாது.

"நிறுத்துங்க சார். ட்யூப் போடப்போறேன்."

பிரபாகரன் கையிலிருந்த கருவியை டிரேயில் எறிந்தார். வயிற்றுக் காற்றை வெளியே விட்டுவிட்டு முணுமுணுத்துக்கொண்டே நின்றார். அவள் மாஸ்க்கை உருவி, விளக்கை வாய்க்குள் செலுத்திப் பார்த்தாள். குரல் நாண்கள் வெள்ளையாக, அசைவில்லாமல் விரிந்து கிடந்தன. அவற்றின் நடுவே ட்யூபை இறக்கி, கசியாமல் அடைக்க அதன் முனையிலிருந்த பலூனை ஊதினாள். கசிவு நின்றது. இனி மூச்சு முழுக்க ட்யூப் வழியாகத்தான். குரல் நாணில் காற்றே படாது. எவராலும் பேச முடியாது. இப்போதாவது புரிகிறதா என்று அவரிடம் கேட்க அவளுக்கு நாக்கு துடித்தது.

மறுபடி வயிறு உப்பியது. கேமரா உள்ளே போனது. திரையில் கல்லீரல் பளபளத்தது.

"உள்ள யாரு."

தெளிவான குரல். பெண் குரல்.

ட்யூபோடு வெளியே தொங்கிய சின்ன பலூனைத் தொட்டாள். இறுக்கமாக இருந்தது. மெஷினிலிருந்து ட்யூபைக் கழற்றினாள். காற்று நின்றது. நெஞ்சு அசையவில்லை. உதடும் அசையவில்லை.

"உள்ள யாரு."

ட்யூபைத் திரும்ப மாட்டினாள். மாரியம்மாள் சுவரோடு ஒட்டியிருந்தாள்.

"சார். கேமராவ வெளிய எடுங்க."

"இழுத்துக்கிட்டுதான் இருக்கேன்." அவர் குரலில் கோபம் இல்லை. "வரலைங்க."

அவள் திரையைப் பார்த்தாள்.

கல்லீரலுக்கு அடியில் இருட்டு. அந்த இருட்டிலிருந்து ஒரு விரல் வந்தது. ஈரமாக. பின்னால் இன்னொன்று. வளர்ந்த ஆளின் விரல்கள். வெளிச்சத்தைத் தடவின. கேமராவின் விளிம்பைப் பற்றின.

மெல்ல மூடின.

டார்ச்சை உள்ளங்கையால் பொத்தியதுபோல் திரை முழுக்கச் சிவந்தது.