அப்பா ஓட்டாத ரயில்

ஃபெமினாவுக்கு அன்று காலை எப்படியாவது காய்ச்சல் வந்தாக வேண்டும். ஆனால் அம்மா கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நன்றாகத்தான் இருக்கிறாய் என்று பள்ளிக்கூடத்துக்கு விரட்டிவிட்டார்.

விஷயம் இதுதான். ஆவூர்க்காரரான அவளுடைய அப்பா சந்தனராஜ், போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பனில் வேலை பார்க்கிறார். மண்ணுக்கு அடியில் மெட்ரோ ரயில் வந்து போகிற ஸ்டேஷனைச் சுத்தம் செய்கிற வேலை. ஆனால் ஆறாம் வகுப்பின் முதல் நாளில் நிலவழகன், தன் அப்பா புதுக்கோட்டை பஸ் டிரைவர் என்று பெருமையடித்தான். அந்த பஸ்ஸைத் தோற்கடிக்க ஃபெமினாவுக்கு ஒரு ரயில் தேவைப்பட்டது. எங்கப்பா மெட்ரோ ரயிலே ஓட்டுகிறார் என்று அளந்துவிட்டாள்.

இப்போது பாடத்தில் போக்குவரத்து வந்துவிட்டது. பொற்கொடி டீச்சர் அம்மாவிடம் நம்பர் வாங்கி, அன்று வீடியோ காலில் வகுப்புக்கு ஸ்டேஷனைக் காட்டும்படி அப்பாவிடம் கேட்டும்விட்டார்.

இங்கே பகல் பன்னிரண்டு, அங்கே காலை ஆறரை. டீச்சரின் போனில் அப்பா சிரித்தார். பளபளக்கும் தரை, தானாகவே ஏறி இறங்கும் நீளப் படிக்கட்டு, வந்து நின்று கிளம்பிய ரயில் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். ஃபெமினா மட்டும் மேசையைப் பார்த்தாள்.

நிலவழகன் எழுந்தான். "அங்கிள், நீங்க ஓட்டுற ரயில் எங்கிட்டு நிக்குது?"

அப்பா விழித்தார். பிறகு மகளின் முகத்தைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த வாளியைக் காலால் மெல்ல ஓரமாகத் தள்ளினார்.

"அது... இப்பத்தான் போச்சுப்பா" என்றார்.

ஃபெமினாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒரு தப்பும் செய்யாத அப்பா, அவளுக்காகத் தன் வாளியை ஒளிக்கிறார். காதெல்லாம் சுட்டது.

அவள் எழுந்தாள்.

"டீச்சர், நான்தான் பொய் சொன்னேன். எங்கப்பா ரயில் ஓட்டலை. ஸ்டேஷனைச் சுத்தம் பண்றாங்க." போனைப் பார்த்துச் சொன்னாள்: "அப்பா, வாளியை மறைக்காதீங்கப்பா."

நானும் பொய் சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அப்பா டீச்சரிடம் சொன்னார். டீச்சர் ஃபெமினாவின் தோளில் கை வைத்தார்.

நிலவழகனுக்கோ வேறு சந்தேகம். "அந்த ஓடுற படிக்கட்டை எப்படி அங்கிள் தொடைப்பீங்க? நீங்களும் கூடவே ஓடுவீங்களா?"

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஈரத்துணியைப் படிக்கட்டின் கைப்பிடிமேல் அழுத்திப் பிடித்தபடி சும்மா நின்றார். கைப்பிடி தானாக ஓடி ஓடித் தன்னைத் துடைத்துக்கொண்டது. பிள்ளைகள் கைதட்டினார்கள். தெரியவில்லை, தெரியவில்லை என்று பின்பெஞ்சுக்காரர்கள் முண்டியடித்தார்கள்.

ஃபெமினாவுக்குக் காது இன்னும் சுட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் டீச்சரிடமிருந்து போனை வாங்கி, கடைசி பெஞ்சுக்கும் அப்பா நன்றாகத் தெரியும்படி தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தாள்.