திருடுபோன பதினான்காம் தேதி

காலை 9.40. தேர்தல் ஆணையர் நாற்காலியில் உட்காருவதற்குள் திருட்டு வாசலுக்கு வந்துவிட்டது. பறிபோனது நகையும் இல்லை, உயிரும் இல்லை. ஒரு நாள்.

பறிகொடுத்தவர் ஒரு விளையாட்டு ஆசிரியை. நகரசபைத் தேர்தலில் நாலு ஓட்டில் தோற்றவர். கையில் தேர்தல் ஆணையத்தின் கடிதம். புகார் பதினைந்தாம் தேதிதான் கிடைத்தது, கெடு முந்தின நாள் மாலை ஐந்து மணியோடு முடிந்தது, ஆகவே நிராகரிப்பு.

"பதினாலாம் தேதி நாலு அம்பதுக்குக் குடுத்தேன் மேடம். ரசீது நாளைக்கு வாங்கிக்கச் சொன்னாங்க."

"யார் மேல புகார்?"

"என்னை ஜெயிச்சவர் மேல. கிரிமினல் கேஸ் இருக்கறதை மறைச்சுட்டார். முன்னாடி உங்களைத்தான் வக்கீலா வச்சிருந்தார். நீங்களே அமுக்கிட்டீங்கன்னு வெளியில பேசறாங்க."

ஆணையர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். இருபத்தாறு வருஷம் தேர்தல் வழக்கறிஞர். கோர்ட்டில் அவருக்குப் பட்டப்பெயர் 'கடிகாரம்'. மனுவுக்குள் என்ன இருக்கிறது என்று எட்டிக்கூடப் பார்க்காமல், 'ஒரு நாள் தாமதம், கனம் நீதிபதி அவர்களே' என்று சொல்லியே ஐம்பது வழக்குகளைக் கவிழ்த்தவர். ஒரு மாதத்துக்கு முன்புதான் அரசாங்கம் அவரைக் கூப்பிட்டு, அதே வேட்பாளர்களுக்குக் கடிவாளம் போடச் சொன்னது. முப்பதே நாளில் முப்பது வருஷக் களைப்பு.

10.15. தபால் பிரிவு. அங்கிருந்த பெண் எழுத்தரின் விரல்களில் ஊதா மை.

"புகார் வந்தா என்ன செய்வீங்க?"

"முதல் தாள்ல முத்திரை குத்துவேன். ஒவ்வொரு தாளாப் பின்பக்கமா மடக்கிவிட்டு எண்ணுவேன். தட்டுல போடுவேன். பதிவேடு மறுநாள் காலைல எழுதுவேன்."

"தேதி?"

"முத்திரையைப் பார்த்துத்தான். அன்னிக்கு நாப்பது பேர் வந்தாங்க மேடம், முகத்தை யார் கண்டா?"

"சாயங்காலம் தட்டைப் பூட்டுவீங்களா?"

"இல்ல. முத்திரையும் மேஜை மேலயேதான் இருக்கும்."

"கையெல்லாம் என்ன மை?"

"முத்திரை மங்கலா இருக்குன்னு செயலாளர் சார் கத்தினார். பதினாலாம் தேதி மை ஊத்தினேன், கொஞ்சம் கூடிப்போச்சு. ஒரு வாரமா விரலை விட்டுப் போகல."

11.00. நிராகரிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்ட செயலாளர் முகத்தைச் சுளித்தார். "முத்திரைல பதினஞ்சுன்னு இருக்கு. நான் ஜோசியமா பாக்க முடியும்? பதினாலு, பதினஞ்சு ரெண்டு நாளும் பல்வலி, ஆபீஸ் பக்கமே வரல." வருகைப் பதிவேடும் அதையே சொன்னது.

11.30. குமாஸ்தா ஒரு கடிதத்தைக் கையெழுத்துக்கு நீட்டினார். இருபத்திரண்டு வருஷமாக ஆணையரோடு இருப்பவர். கோர்ட்டிலிருந்து இங்கேயும் கூடவே வந்துவிட்டார்.

"அண்ணே, இங்க கோர்ட்டு மாதிரி தாள்களை நூல் போட்டுத் தைக்கற வேலை இல்ல. இடப்பக்கம் மூணு விரல் ஓரம் எதுக்கு?"

"கை பழகிப்போச்சும்மா."

இதை நூறாவது தடவையாகச் சொல்லிக்கொண்டார்கள். சிரிக்கத்தான் இருவருக்கும் தெம்பில்லை.

12.10. ஆணையர் கதவைச் சாத்திக்கொண்டு புகாரைப் பிரித்தார். ஆறு தாள். எண்ணினார், புரட்டினார், திரும்பப் புரட்டினார். பிறகு எல்லாரையும் மூன்று மணிக்கு வரச் சொன்னார்.

3.00. அவரது அறை. ஆசிரியை, செயலாளர், எழுத்தர், குமாஸ்தா.

"முதல் தாள்ல ஸ்டேப்ளர் பின் குத்தின ஓட்டை ரெண்டு," என்றார் ஆணையர். "மத்த அஞ்சுலயும் நாலு நாலு. கட்டைப் பிரிச்சு, முதல் தாளை மட்டும் மாத்தித் திரும்பப் பின் போட்டிருக்காங்க."

"எந்தத் தேதில வந்ததுன்னு அதுல தெரியாதே?" என்றார் செயலாளர்.

ஆணையர் கடைசித் தாளின் பின்பக்கத்தைக் காட்டினார். மூலையில் மங்கலாக ஒரு ஊதாக் கறை. எழுத்தர் தன் கைப்பையிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடி எடுத்துக் கொடுத்தார். கண்ணாடியில் கறை நேரானது: 14.

"மை கூடிப்போன முத்திரை. ஈரம் காயறதுக்குள்ள இவங்க முதல் தாளைப் பின்னால மடக்கி எண்ணியிருக்காங்க. அது கடைசித் தாளோட முதுகுல ஒட்டிக்கிச்சு. மாத்தினவர் முகத்தைப் பார்த்தார், முதுகைப் பார்க்கல."

செயலாளர் எழுத்தரைப் பார்த்தார். அந்த அம்மாள் மை படிந்த விரல்களை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார்.

"அவங்க இல்ல. முத்திரையை மாத்தற ஆள் மையைப் பத்தி என்கிட்ட மூச்சு விட்டிருக்க மாட்டாங்க. புதுத் தாளைப் பாருங்க. டீச்சர் அடிச்ச மத்த தாள்ல அரை விரல் ஓரம்கூட இல்ல. இதுல மூணு விரல்."

யாரும் சொல்லாமலே குமாஸ்தா உட்கார்ந்தார். இருபத்திரண்டு வருஷத்தில் ஆணையர் எதிரே அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"ஏன் அண்ணே?"

"கேஸ் எதுவும் இல்லைன்னு ஜெயிச்சவர் குடுத்த உறுதிமொழிப் பத்திரம் நம்ம ஆபீஸ்ல தயாரானதும்மா. நான் அடிச்சேன், நீங்க தாக்கல் பண்ணீங்க. விசாரணைன்னா முதல்ல கூண்டுல ஏறப்போறது நீங்க."

"அவருக்குக் கேஸ் இருந்தது எனக்குத் தெரியாது."

"தெரியாதுதான். யார் நம்புவாங்க?"

"அதுக்காக இவங்க நாளைத் திருடுவீங்களா?"

குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லை, அலுப்புதான். "உள்ள என்ன இருக்குன்னு பார்க்க விடாம நாள் கணக்குலயே தள்ளிடணும். வேற யார்கிட்டம்மா இதைக் கத்துக்கிட்டேன்?"

ஐம்பது வழக்குகளில் அசந்துபோகாத ஆணையர் ஒரு வெள்ளைத் தாளைத் தன் பக்கம் இழுத்தார்.

4.50. தபால் பிரிவு ஜன்னலில் அவர் இரண்டு தாள்களை நீட்டினார். ஒன்று, புகார் பதினான்காம் தேதியே ஏற்கப்பட்டது என்ற உத்தரவு. இன்னொன்று அரசாங்கத்துக்கு: இந்த வழக்கில் நான் சாட்சி, பதவியிலிருந்து என்னை விடுவியுங்கள். குமாஸ்தா செயலாளர் அறையில் வாக்குமூலம் கொடுத்துக்கொண்டிருந்ததால், இரண்டையும் ஆணையரே தட்டச்சு செய்திருந்தார்.

எழுத்தர் முத்திரை குத்தினார். மை காயட்டும் என்று ஊதினார். பிறகு தாளைத் தூக்கிப் பார்த்தார்.

"மேடம், நீங்களும் மூணு விரல் ஓரம் விட்டிருக்கீங்களே?"

"கை பழகிப்போச்சும்மா," என்றார் ஆணையர்.