மேல்பாலத்திலிருந்து வந்த பதில்

அன்று பிற்பகல் அரங்கத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். யார் யார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. எல்லாம் நடந்து முடிந்த பிறகு, நானும் அங்கேதான் இருந்தேன் என்று கிளம்பியவர்கள் ஏராளம். மேடை நிர்வாகியான பெரியக்கா. அவருடைய தம்பி மனைவி. நாடகத்தில் தாய் வேடம் அவளுக்கு. விளக்குப் பலகையில் பெரியக்காவின் தங்கை புருஷன். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் இருந்து ‘ஊமை’ என்று பெயர் வாங்கிய ஒலிக்காரர். முன்திரைக் கயிற்றருகே, புதிதாகச் சேர்ந்த திரைக்காரர்.

ஆறாவதாக இருந்திருக்க வேண்டியவன் பெரியக்காவின் தம்பி. மேடைக்கு நேர் மேலே, கூரையை ஒட்டிக் குறுக்கே ஓடும் இரும்பு நடைபாதைதான் மேல்பாலம். காட்சிச் சீலைகளை ஏற்றி இறக்கும் கயிறுகள் அங்கே கட்டியிருக்கும். அங்கே நிற்பதுதான் அவன் வேலை. போன பருவத்தில், தினம் இரண்டு ஆட்டம் ஆடிய ஒரு வாரத்தின் கடைசியில், நாடகம் நடந்துகொண்டிருக்கும்போதே அவன் அங்கிருந்து விழுந்து செத்தான்.

குடித்திருந்தான் என்றது ஊர்.

இல்லை என்றார் பெரியக்கா. கேட்டவர்களிடம் சொன்னார், கேட்காதவர்களிடமும் போய்ச் சொன்னார். ஆனால் அன்று அவர் தம்பிக்குப் பக்கத்தில் போகவில்லை. அவன் மூச்சு எப்படி இருந்தது என்று அவருக்குத் தெரியாது. அந்த முள் தொண்டையிலேயே கிடந்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

அதன் பிறகு கயிறுகளைக் கீழே இறக்கிக் கட்டச் சொன்னார். மேல்பாலத்து ஏணியின் அடியிலிருந்த கம்பிக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

மறுநாள் முதல் ஆட்டம். காலையிலிருந்து ஒத்திகை. ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப ஆடி எல்லோரும் துவண்டு போயிருந்தார்கள். மேடையோரத்து மறைவில் கிடந்த நீளப் பெட்டியில், வேடத்தைக் கலைக்காமலே தம்பி மனைவி உட்கார்ந்திருந்தாள்.

“அண்ணி, நாளைக்கு நடிச்சுக் குடுத்துடறேன். அதோட என்னை விட்டுடுங்க.”

“இப்ப என்ன ஆச்சு?”

“பள்ளிக்கூடத்துல பையனைக் கேட்டிருக்காங்க. உங்கப்பா எத்தனை மடக்குல பறந்தாருன்னு.”

பெரியக்காவின் முதுகு நிமிர்ந்தது. “நம்ம வீட்டுல எவனும் அதைத் தொட்டதில்லை.”

“எனக்குத் தெரியாதா? ஆனா நீங்க சொன்னா, அக்கா வேற எப்படிச் சொல்வாங்கன்னு கேப்பாங்க. நான் சொன்னா பொண்டாட்டி. அவர் வேலை செஞ்ச இடத்துல நின்னு இதையெல்லாம் கேட்டுக்கிட்டிருக்க எனக்குத் தெம்பில்லை அண்ணி.”

“இன்னொரு தடவை பார்த்துடலாம்,” என்றார் பெரியக்கா.

விளக்குகள் அணைந்தன. ஜன்னலே இல்லாத கட்டடம். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே கண்ணைத் திறந்திருப்பதும் மூடியிருப்பதும் ஒன்றுதான். சூடாறும் விளக்குகளின் தூசி வாசனை. எங்கேயோ ஒரு மரப்பலகை முறுக்கிக்கொண்டது.

அந்தக் குழுவுக்கு ஒரு சட்டம் உண்டு. காட்சி தொடங்கும் முன் இருட்டில் நிர்வாகி ஒவ்வொரு இடமாகக் கூப்பிட வேண்டும். அங்கே இருப்பவர் வாயால் பதில் சொல்ல வேண்டும். பதில் சொன்னவர், நிர்வாகி விடுவிக்கும்வரை அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. தலை போகிற காரியமானாலும் கூடாது.

“லைட்?”

“ரெடிக்கா.”

“சவுண்டு?”

பதில் இல்லை.

“யோவ் ஊமை, தலையை ஆட்டறியா? இருட்டுல உன் தலை யாருக்குய்யா தெரியும்?” என்றார் தங்கை புருஷன்.

“ம்.”

“ஸ்க்ரீன்?”

“ரெடிம்மா.”

அசதியில் நாக்கு தானாக ஓடியது. எத்தனையோ வருடப் பழக்கம்.

“மேல?”

கேட்ட பிறகுதான் பெரியக்காவுக்கு உறைத்தது. இப்போது மேலே யாரும் கிடையாது.

“இருக்கேன்.”

மெல்லிய குரல். தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்டவனின் குரல்.

“அக்கா,” என்று கிசுகிசுத்தார் தங்கை புருஷன். “மேல யாரு?”

“லைட்டைப் போடுங்க மாப்பிள்ளை.”

வெளிச்சம் வந்தது. மேல்பாலம் காலியாக இருந்தது. ஏணிக் கதவில் பூட்டு அப்படியே தொங்கியது.

ஆனால் மேலே இரும்புத் தகடு முனகிக்கொண்டிருந்தது.

கொஞ்சம் இந்தப் பக்கம். கொஞ்சம் அந்தப் பக்கம். வெகுநேரம் நின்றவன் கால் மாற்றி நிற்பதுபோல. ஒவ்வொரு முனகலுக்கும் பொடிப்பொடியாகத் துரு உதிர்ந்தது.

“அண்ணி.” தம்பி மனைவியின் குரல் நடுங்கவில்லை. “அன்னைக்கு அவரை இறங்கச் சொன்னீங்களா?”

“எப்படிம்மா சொல்வேன்? ஆட்டம் முடியறதுக்குள்ளதான்…”

“அப்ப இன்னும் வேலையிலதான் இருக்காரு. சொல்லாம எப்படி இறங்குவாரு?”

பெரியக்கா திரைக்காரரைப் பார்த்தார். அந்நிய ஆள். இவர் முன்னால் வாயைத் திறந்தால் பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கப் பரவிவிடும். இந்தக் குடும்பத்தில் குடியோடு கிறுக்கும் சேர்ந்துகொண்டது என்பார்கள்.

மேலே தகடு மறுபடி முனகியது.

“நிக்க முடியல அண்ணி அவரால. சொல்லிடுங்க.”

பெரியக்கா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார். தலையை நிமிர்த்தினார்.

“தம்பி. நீ இறங்கலாம்.”

முனகல் நின்றது.

ஏணியின் முதல் படி ஒலித்தது.

பிறகு அடுத்தது.

அவசரம் இல்லை. தடுமாற்றம் இல்லை. ஒரு படிகூடத் தவறவில்லை. ஊமை எழுந்து நின்று, “கடவுளே,” என்றார். அதுவே அவர் அன்று பேசிய முழு வார்த்தை.

கதவு திறக்கவில்லை. பூட்டு அசையவில்லை. ஆனால் காலடி இந்தப் பக்கம், மரத்தரையில் கேட்டது. பெரியக்காவைக் கடந்து போனது.

நீளப் பெட்டி கிறீச்சிட்டது. தம்பி மனைவிக்குப் பக்கத்தில் பலகை மெல்ல அமுங்கியது.

“அப்பாடா.”

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். அவ்வளவுதான்.

பெரியக்கா நடந்து வந்தார். காலியாக இருந்த பக்கம் குனிந்து முகத்தைக் கொண்டுபோனார். ஒரு மூச்சு, வெதுவெதுப்பாக, அவர் கன்னத்தில் பட்டது.

நன்றாக இழுத்து முகர்ந்தார்.

வியர்வை. கயிற்று நார். துரு. வேறு எதுவும் இல்லை.

“தூங்கட்டும்,” என்றார் நிமிர்ந்து. “நாம காட்சியை முடிச்சுடலாம்.”

தம்பி மனைவி எழுந்து போய் மேடையில் தன் இடத்தில் நின்றாள். மறுநாளும் நின்றாள். பருவம் முடியும்வரை நின்றாள். புதிய திரைக்காரர் மட்டும் மறுநாளிலிருந்து வரவில்லை. பெட்டி அங்கேயே கிடக்கிறது. அதன் ஒரு பாதி எந்நேரமும் வெதுவெதுப்பாக இருக்கும். அங்கே யாரும் உட்காருவதில்லை, பக்கத்தில் சத்தமாகப் பேசுவதும் இல்லை.

அந்த அரங்கத்தில் ஒரு குடிகாரப் பேய் உலவுவதாக ஊரில் சொல்லிக்கொள்கிறார்கள்.

தவறு. அவன் குடித்திருக்கவில்லை.